துருத்தியும் எரிபொருளும்

கொல்லன் உலைக்களத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். கரி நிறைந்த உலையில் நெருப்பு மங்கிக் கிடக்கும். கொல்லன் துருத்தியை ஊதத் தொடங்கியதும் அக்கரி செந்நிறமாகக் கனன்று, இரும்பையும் இளக்கும் வெம்மையைப் பெறுகிறது. கரி முன்னிருந்த கரியே; உலையும் முன்னிருந்த உலையே. புதிதாக வந்து சேர்ந்தது காற்று ஒன்றுதான். எரிதல் என்பது எரிபொருளும் காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடி நிகழ்த்தும் செயலாகும். ஆதலின் ஓர் உலையில் எவ்வளவு எரிபொருளை எரிக்கலாம் என்பதை, அதனுள் செல்லும் காற்றின் அளவே வரையறுக்கிறது.

இவ்வுண்மை மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கும் பொருந்தும். ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றிலும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். காற்று எடை குறைந்த பொருள். எனவே ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்கத் தேவையான காற்று, சுமார் 9,000 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு புட்டியில் அடங்கும் எரிபொருளுக்கு ஒரு சிற்றறை நிறையக் காற்று வேண்டியிருக்கிறது! எஞ்சினுக்குள் பெட்ரோலை மிகுதியாகச் செலுத்துவது எளிது. அதற்கு ஈடான காற்றைச் செலுத்துவதே அரிது. இவ்வருஞ்செயலை ஆற்றுவதற்கெனப் பிறந்த துருத்தியே டர்போ எனப்படும் கருவி. அத்துருத்தியைத் தாங்கிய எஞ்சினுக்கு எரிபொருளின் தகுதி ஏன் இன்றியமையாதது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

முதலில் எஞ்சினுள் நிகழ்வதை அறிந்துகொள்வோம். சிலிண்டர் என்னும் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக இயங்குகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை உருளைக்குள் வந்து நிறைகிறது. பிஸ்டன் மேலேறும்போது அக்கலவை இறுக அமுக்கப்படுகிறது. அமுக்கம் நிறைவுறும் தறுவாயில் மின்பொறி ஒன்று தோன்றிக் கலவையைப் பற்றவைக்கிறது. எரிந்து விரிந்த வாயு பிஸ்டனை வலிமையோடு கீழே தள்ளுகிறது. அடுத்து மேலேறும் பிஸ்டன் எரிந்த புகையை வெளியேற்றுகிறது. ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ 1876ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டிய இந்நான்கு வீச்சு முறையே இன்றைய பெட்ரோல் எஞ்சின்களுக்கும் அடிப்படையாக விளங்குகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 முறை சுழலுங்கால், ஒவ்வோர் உருளையிலும் நொடிக்கு 50 முறை தீ மூண்டு அணைகிறது.

உருளையிலிருந்து வெளியேறும் புகை வெறும் கழிவன்று. அதில் வெப்பமும் விசையும் மிகுந்திருக்கின்றன. வீணே போகும் அவ்வாற்றலைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சக்கரத்தோடு இணைந்த மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்று சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளரான ஆல்ஃபிரட் பூஹி எண்ணினார். 1905ஆம் ஆண்டில் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் 1918ஆம் ஆண்டில், கொலராடோ மாநிலத்திலுள்ள பைக்ஸ் பீக் என்னும் மலையின்மேல், 14,000 அடி உயரத்தில், விமான எஞ்சின் ஒன்றில் இக்கருவியைப் பொருத்திச் சோதித்தார். மெலிந்த மலைக்காற்றில் சோர்ந்துபோன அவ்வெஞ்சின், கருவியைப் பொருத்தியதும் கடல் மட்டத்தில் தந்த ஆற்றலை மலையுச்சியிலும் தந்தது. இன்று கார்களில் அமைந்துள்ள சிறு டர்போக்களின் சக்கரங்கள் நிமிடத்திற்கு ஒரு லட்சம் முறைக்கு மேலும் சுழல்கின்றன. சிறிய எஞ்சினைப் பெரிய எஞ்சினைப் போல உழைக்கச் செய்யும் திறன் இத்துருத்திக்கு உண்டு.

ஆயினும் இந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் தொட்டு உணர்ந்திருப்பீர்கள். அமுக்கப்படும் காற்று வெப்பமடைதல் இயற்கை. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்றை டர்போ இருமடங்கு அழுத்தத்திற்கு அமுக்கினால், அதன் வெப்பநிலை 100 டிகிரியைக் கடந்துவிடும். இவ்வாறு முன்னரே அமுக்குண்டு, முன்னரே சூடேறிய காற்றை, உருளைக்குள் பிஸ்டன் மீண்டும் ஒருமுறை அமுக்குகிறது. எரிபொருளின் பொறுமை சோதிக்கப்படும் இடம் இதுவே.

காய்ந்த புல்வெளியின் ஒரு மூலையில் தீ வைத்தால் அது படிப்படியாகப் பரவி மறு மூலையை அடையும். உருளைக்குள்ளும் மின்பொறி மூட்டிய தீ அவ்வாறே ஒழுங்காகப் பரவ வேண்டும். பரவும் தீயோ தனக்கு முன்னுள்ள எரியாத கலவையை நெருக்கி மேலும் சூடாக்குகிறது. எரிபொருள் தகுதியற்றதாயின், தீ வந்து சேரும்வரை அக்கலவை பொறுத்திராது. எஞ்சிய பகுதி முழுவதும் தானாகவே ஒரே கணத்தில் வெடித்தெரியும். அவ்வெடிப்பால் எழும் அழுத்த அலைகள் உருளையின் சுவர்களில் மோதி, சுத்தியலால் உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசையை எழுப்புகின்றன. பணிமனைகளில் இதனை 'நாக்கிங்' என்பர். நாம் 'தட்டல்' எனலாம்.

தட்டலால் விளையும் தீங்கு ஓசையோடு நிற்பதில்லை. பிஸ்டன்கள் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனவை. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். உருளைக்குள் எரியும் தீயின் வெப்பமோ 2,000 டிகிரிக்கும் மேற்பட்டது. அவ்வாறிருந்தும் பிஸ்டன் உருகாமைக்குக் காரணம், பின்னிருந்து அதனைக் குளிர்விக்கும் எண்ணெயும், உலோகத்தை ஒட்டி நிற்கும் வெப்பம் குறைந்த வாயுவின் மெல்லிய படலமுமே ஆகும். தட்டலின் அழுத்த அலைகள் அப்படலமாகிய போர்வையைக் கலைத்துவிடுகின்றன. கடுமையான தட்டல் நீடித்தால் பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்பட்டு, இறுதியில் ஓட்டையும் விழக்கூடும். எரிபொருளிலே நேர்ந்த ஒரு குறை எஞ்சினின் உயிரையே குடித்துவிடும்.

தட்டலுக்குக் காரணம் எரிபொருளின் இயல்பே என்பது தொடக்க காலத்தில் தெளிவாக விளங்கவில்லை. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்பற்றவைப்பு முறைமீதே பலர் பழி சுமத்தினர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் 1916ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய தாமஸ் மிட்க்லி இதனை ஆராயத் தலைப்பட்டார். எரிபொருளுக்குச் செந்நிறம் ஊட்டினால் அது விரைவில் ஆவியாகும் என்று கருதி, அயோடினைக் கலந்து பார்த்தார். தட்டல் குறைந்தது! ஆனால் வேறு சாயங்களைக் கலந்தபோது பயன் ஒன்றும் விளையவில்லை. குணம் நிறத்தில் இல்லை, கலந்த பொருளில் இருக்கிறது என்பது இதனால் புலனாயிற்று. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ என்னும் பொறியாளரும், அமுக்கத்தை வேண்டியவாறு மாற்றத்தக்க சோதனை எஞ்சின் ஒன்றை அமைத்து, ஒவ்வோர் எரிபொருளும் தாங்கக்கூடிய அமுக்கத்தின் எல்லையை அளந்து காட்டினார்.

அளவுகோல் இல்லாத அறிவு முழுமை பெறாது. 1926ஆம் ஆண்டில் கிரஹாம் எட்கர் என்னும் வேதியியலார் அதற்கு வழி வகுத்தார். எளிதில் தட்டலை விளைவிக்கும் ஹெப்டேன் என்னும் திரவத்திற்குச் சுழி என்றும், தட்டலை வன்மையாகத் தடுக்கும் ஐசோ ஆக்டேன் என்னும் திரவத்திற்கு 100 என்றும் மதிப்பு வழங்கப்பட்டது. ஓர் எரிபொருள், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போல நடந்துகொண்டால் அதன் ஆக்டேன் எண் 95 ஆகும். இவ்வெண் எரிபொருளில் அடங்கிய ஆற்றலைக் குறிப்பதன்று என்பதை மறத்தலாகாது. அது பொறுமையின் அளவு. அமுக்கத்தையும் வெப்பத்தையும் தாங்கி, மின்பொறி அழைக்கும்வரை காத்திருக்கும் தன்மையின் அளவு.

அப்பொறுமை எத்துணைப் பயன் தரும் என்பதை 1940ஆம் ஆண்டில் உலகம் கண்டது. இங்கிலாந்தின் வான்வெளியில் போர் மூண்டபோது, ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்னும் விமானங்கள் 87 ஆக்டேன் எரிபொருளை விடுத்து 100 ஆக்டேன் எரிபொருளுக்கு மாறின. அவற்றின் எஞ்சின்களில் பற்சக்கரங்களால் இயங்கும் காற்றமுக்கி இருந்தது. பழைய எரிபொருளில், வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் சதுர அங்குலத்திற்குச் சுமார் 6 பவுண்டு வரையே காற்றை அமுக்க முடிந்தது. புதிய எரிபொருளில், நெருக்கடி நேரத்தில் 12 பவுண்டு வரை அமுக்க முடிந்தது. எரிபொருளின் தகுதி உயர்ந்தமையால் அதே விமானம் விரைவாகப் பறந்தது.

போர்க்கள விமானத்திற்கு இசைந்த இம்முறை, பொதுமக்களின் காருக்கு எளிதில் இசையவில்லை. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர்' என்னும் கார், டர்போ பொருத்தி விற்கப்பட்ட முதற் கார்களுள் ஒன்று. அதன் எஞ்சின் 3.5 லிட்டர் கொள்ளளவுடையது. 215 குதிரைத் திறன் தரவல்லது. கடைகளில் கிடைத்த பெட்ரோல் அதன் அமுக்கத்தைத் தாங்காது என்பதை அதனை அமைத்தவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே நீரும் மெத்தனாலும் சமமாகக் கலந்த திரவத்தைத் தனிக் கலத்தில் நிரப்பி, டர்போ உழைக்கும்போது அதனைத் துளித்துளியாக எஞ்சினுக்குள் தெளிக்கச் செய்தனர். திரவம் ஆவியாகிக் கலவையைக் குளிரச் செய்யும், தட்டல் அடங்கும். கலம் வற்றினால் எஞ்சினின் ஆற்றல் தானே குறையும்படியும் அமைத்திருந்தனர். அறிவு நுட்பம் மிக்க ஏற்பாடுதான். ஆனால் காரை வாங்கியவர்கள் பலர் கலத்தை நிரப்ப மறந்தனர்; ஆற்றல் குன்றியபோது காரைக் குறை கூறினர். 1963ஆம் ஆண்டோடு அக்காரின் உற்பத்தி நின்றது. உற்பத்தியான கார்கள் பத்தாயிரத்திற்கும் குறைவு. அவற்றுள் பலவற்றிலிருந்து டர்போவே அகற்றப்பட்டது. மக்களின் அன்றாடப் பழக்கத்தோடு ஒட்டாத கருவி நிலைபெறாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இனி, இவ்வரலாற்றின் துயரப் பகுதியைக் கூற வேண்டும். 1921ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மிட்க்லி, டெட்ரா எத்தில் ஈயம் என்னும் கூட்டுப்பொருளைப் பெட்ரோலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே தட்டல் மறைவதைக் கண்டார். சாராயமாகிய எத்தனாலைக் கலந்தாலும் தட்டல் குறையும் என்பதை அவரும் அவருடைய குழுவினரும் அறிந்திருந்தனர். எனினும் மிகச் சிறிய அளவிலேயே பயன் தந்த ஈயமே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1923இல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. ஈயம் நஞ்சு என்பது பண்டு தொட்டே மருத்துவர் அறிந்த உண்மை. 1924ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இக்கூட்டுப்பொருளைச் செய்துவந்த ஆலையில் தொழிலாளர் பலர் சித்தம் கலங்கினர். ஐவர் உயிர் துறந்தனர். ஆயினும் உற்பத்தி மீண்டும் தொடங்கிற்று. எஞ்சின்கள் அமைதியாக ஓடின. அவற்றின் புகையோ நகரங்களின் காற்றிலும் மண்ணிலும் ஈயத்தைத் தூவிக்கொண்டே இருந்தது.

பூமியின் வயதைக் கணித்துப் புகழ்பெற்ற கிளேர் பேட்டர்சன் என்னும் அறிவியலார், தம் ஆய்வுக்கூடத்தில் எங்கு நோக்கினும் ஈயம் கலந்திருப்பதைக் கண்டு வியந்தார். அதன் மூலத்தைத் தேடிச் சென்ற அவர், மக்களின் உடலில் இயற்கை அளவைவிட எத்தனையோ மடங்கு ஈயம் ஏறியிருப்பதை 1965ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். செல்வாக்கு மிக்கோர் எதிர்த்தபோதும் அவர் தம் முடிவிலிருந்து வழுவவில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கிறது என்பதும் பின்னர் ஐயமற நிலைநாட்டப்பட்டது. நாடுகள் ஒவ்வொன்றாக அதனைக் கைவிட்டன. இந்தியா 2000ஆம் ஆண்டில் விலக்கியது. சாலை வண்டிகளுக்கு அதனை இறுதிவரை விற்றுவந்த அல்ஜீரியாவும் 2021ஆம் ஆண்டில் நிறுத்தியது. எஞ்சினின் தட்டலை அடக்க மனிதன் கண்ட எளிய வழியைத் துறக்க ஏறத்தாழ நூறாண்டு தேவைப்பட்டது.

ஈயத்தைத் துறந்தபின் டர்போ எஞ்சின்கள் வாழ்ந்தது எவ்வாறு? அறிவியலார் மூன்று வழிகளைக் கையாண்டனர். முதலாவது, எரிபொருளின் மூலக்கூறுகளையே சுத்திகரிப்பு ஆலைகளில் திருத்தி அமைத்து ஆக்டேன் எண்ணை உயர்த்துதல். இரண்டாவது, டர்போ அமுக்கிய காற்றை எஞ்சினுக்குள் செலுத்துமுன் குளிர்விப்பான் ஒன்றின் வழியே அனுப்பி வெப்பத்தைத் தணித்தல். மூன்றாவது, எஞ்சினுக்குச் செவி அமைத்தல். 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டுச் சாப் நிறுவனம், எஞ்சினின் மேனியில் ஓர் உணரியைப் பொருத்தி, தட்டலின் அதிர்வு தோன்றிய மாத்திரத்தில் டர்போவின் அழுத்தம் தானே தணியும்படி செய்தது. இன்றைய கார்களில் இத்தகைய உணரி தட்டலைக் கண்டதும், மின்பொறி சற்றுத் தாமதமாகத் தோன்றுகிறது. தேவையாயின் டர்போவின் அழுத்தமும் குறைகிறது.

இதனால் நாம் அறிய வேண்டுவது யாது? உயர்ந்த ஆக்டேன் எரிபொருளுக்கென அமைந்த டர்போ காரில் தாழ்ந்த எரிபொருளை இட்டால், கார் உடனே பழுதாகிவிடாது. ஆனால் அது தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும், மேடேறும்போது திணறும், எரிபொருளையும் மிகுதியாகச் செலவிடும். தாழ்ந்த ஆக்டேன் எண்ணுக்கென அமைந்த எளிய எஞ்சினில் விலை மிக்க உயர் ஆக்டேன் பெட்ரோலை இட்டாலோ, பெரும்பாலும் பயன் ஒன்றும் இல்லை. காருடன் வரும் கையேடு குறிப்பிடும் எண்ணைப் பின்பற்றுவதே அறிவுடைமை.

நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 2 விதிகள் நிலவிய காலத்தில் பெட்ரோலின் ஆக்டேன் எண் 88க்குக் குறையலாகாது என்று வரையறுக்கப்பட்டிருந்தது. பின்னர் அது 91 ஆயிற்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அக்கீழ்வரம்பு 95 ஆகும். எத்தனாலின் ஆக்டேன் எண் நூற்றையும் தாண்டும். மேலும் அது ஆவியாகும்போது பெட்ரோலைக் காட்டிலும் மிகுதியான வெப்பத்தை ஈர்த்துக் கலவையைக் குளிரச் செய்கிறது. இவ்விரண்டும் டர்போவுக்கு உகந்த குணங்கள். ஆயின் ஒரு லிட்டர் எத்தனாலில் அடங்கிய ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. எனவே 20 விழுக்காடு கலந்த எரிபொருளில், தனிப் பெட்ரோலை நோக்க, லிட்டருக்குச் சுமார் 7 விழுக்காடு ஆற்றல் குறையும். எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. அதற்கேற்ற குழாய்களும் இணைப்புகளும் இல்லாத பழைய வண்டிகளில் கவனம் வேண்டும். நன்மையும் குறையும் ஒருங்கே அமைந்த பொருளை, அதற்கென அமைத்த எஞ்சினில் பயன்படுத்துவதே முறை.

ஆக்டேன் எண் ஒன்றே தகுதி ஆகிவிடாது, தூய்மையும் வேண்டும். பெட்ரோலில் மண்ணெண்ணெயைக் கலந்து விற்கும் தீய செயலை எண்ணிப் பாருங்கள். மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் மிகத் தாழ்ந்தது. அது தட்டலை விளைவிக்கும். எளிதில் ஆவியாகாமையால் உருளைச் சுவர்களில் படிந்து, கீழே ஒழுகி, எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். டர்போவின் சுழலும் அச்சு எண்ணெயின் மெல்லிய படலத்தின்மீது மிதந்தே சுழல்கிறது. அவ்வெண்ணெய் நீர்த்துப்போனால் அச்சு விரைவில் தேயும். எரிபொருளிலுள்ள கந்தகமும் தீங்கு செய்வதே. அது புகையைத் தூய்மைப்படுத்தும் கருவியின் திறனைக் கெடுக்கும். இதனாலன்றோ, 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள், ஒரு கிலோகிராம் எரிபொருளில் 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருத்தலாகாது என்று வரையறுத்தன!

டீசல் எஞ்சினுக்கு உரிய தகுதி வேறு. அங்கு மின்பொறி இல்லை; அமுக்கத்தால் சூடேறிய காற்றில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே பெட்ரோலுக்குப் பொறுமை அழகாக, டீசலுக்கு விரைவே அழகாகும். அவ்விரைவைச் சீட்டேன் எண்ணால் அளக்கின்றனர். இந்திய விதிகளின்படி அது 51க்குக் குறையலாகாது. காற்றை மட்டுமே அமுக்குவதால் டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் எஞ்சினைப் போலத் தட்டல் ஒரு தடையாவதில்லை. பேருந்துகளிலும் சரக்கு லாரிகளிலும் டர்போ எளிதில் நிலைபெற்றமைக்கு இதுவும் ஒரு காரணம்.

மாணவர்களே! துருத்தி வலியதாயின் உலையிலிடும் கரியும் நல்லதாக இருத்தல் வேண்டும். வலிமையைப் பெருக்கும் கருவி எதுவாயினும், அது தன் உணவிலும் தூய்மையையும் தகுதியையும் கேட்கும் என்பதை டர்போ எஞ்சின் நமக்கு அறிவுறுத்துகிறது. அதனினும் மேலான மற்றோர் உண்மையை ஈயத்தின் வரலாறு உணர்த்துகிறது. ஓர் எரிபொருளின் தகுதியை அளக்கும்போது, எஞ்சின் அதனை ஏற்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அதன் புகையை உள்ளிழுக்கும் குழந்தையின் உடல் அதனை ஏற்குமா என்றும் கேட்டல் வேண்டும். அவ்விரு வினாக்களையும் ஒருங்கே கேட்கும் பொறியாளர்களும் அறிவியலாரும் உங்களிடையே தோன்றுவார்களாக.